ஏ.பி. 19: பண்ணையிலிருந்து அனலைதீவு வரை

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பட்டியலில் ஏ.பி. 19 என்றொரு வீதி இருக்கிறது. யாழ்ப்பாணம் – பண்ணை – ஊர்காவற்துறை வீதி என்பது அதன் பெயர். யாழ்ப்பாண நகரில் புறப்பட்டு, பண்ணைக் கடலைக் கடந்து, வேலணைத் தீவின் ஒரு முனையில் ஏறி, மறுமுனையிலுள்ள ஊர்காவற்துறை இறங்குதுறையில் நிற்கிறது. தூரம் 20 கிலோமீற்றரை ஒட்டியது. பட்டியலைப் பொறுத்தவரை வீதியின் கதை அவ்வளவுதான்.

அனலைதீவில் பிறந்த ஒருவரிடம் கேட்டால் கதை அங்கே முடியாது. அவருக்கு ஊர்காவற்துறை என்பது பஸ்ஸை விட்டு இறங்கிப் படகில் ஏறும் இடம். அவருடைய வீதி இன்னும் கடலில் போகிறது. அனலைதீவின் துறையில் ஏறி, பனங்கூடலுக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் நடுவே வீட்டுப் படலை வரை போகிறது. ஒரே பயணம், ஒரே பை, ஒரே நாள். தரையில் ஓடும் பாதிக்கு இலக்கமும் பராமரிப்பும் ஒதுக்கீடும் உண்டு. கடலில் ஓடும் பாதி காற்றையும் படகோட்டியின் மனதையும் நம்பி நடக்கிறது. இந்த வீதியின் வரலாற்றை எழுத வந்த எனக்குச் சொல்லவிருப்பது இந்த ஒன்றுதான்: அந்தக் கடல் பாதியையும் சேர்த்துத்தான் ஏ.பி. 19 என்று சொல்ல வேண்டும்.

வீதி யாழ்ப்பாணக் கோட்டையின் காலடியில் கடலுக்குள் இறங்குகிறது. ஐந்து முனை கொண்ட ஒல்லாந்தர் கோட்டை ஒரு பக்கம். எதிரே தகடுபோல் கிடக்கும் பரவைக்கடல். பண்ணைப் பாலம் என்று எல்லோரும் சொன்னாலும் அதன் பெரும்பகுதி கல்லும் மண்ணும் நிரப்பி எழுப்பிய தாம்போதி. இடையிடையே நீர் போய்வர வழி விட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் தடிகள் நட்டுக் கட்டிய சிறகுவலைகள் தெரியும். நீரோட்டத்தோடு வரும் மீனையும் இறாலையும் சிறகுகள் மெல்ல ஒதுக்கிக் கூட்டுக்குள் சேர்க்கும். இந்த மீன்பிடிக்குக் கடல் ஆழமாக இருக்கக் கூடாது. ஓட்டம் நிற்கவும் கூடாது. அதனால் இந்த வீதியில் நீர்வழிகளை எத்தனை, எவ்வளவு அகலத்தில் வைப்பது என்பது பொறியியலாளரின் கணக்கு மட்டுமல்ல. ஒரு மதகு அடைபட்டால் கரையோரக் குடும்பங்களின் அடுப்பில் அது தெரியும்.

தாம்போதி கடந்த நூற்றாண்டின் வேலை. அதற்கு முன்னர் தீவார் பட்டினத்துக்கு வந்தது வள்ளத்திலும் தோணியிலும்தான். வேலணையின் வடகரையிலிருந்து அராலிக்குக் கடக்கும் துறைக்கு அராலித்துறை என்று பெயர். புகையிலைக் கட்டும் பனாட்டும் கருவாடும் அப்படித்தான் வந்தன. அரிசியும் மண்ணெண்ணெயும் அப்படித்தான் திரும்பிப் போயின. பாதி வழியில் காற்று விழுந்துவிட்டால் கடலிலேயே இரவு. அந்தக் காலத்தின் பழக்கம் அனலைதீவாரிடம் இன்னும் இருக்கிறது. நேரத்தைக் கேட்குமுன் காற்றைத்தான் கேட்பார்கள்.

வீதி இளையது. அது போய்ச் சேரும் துறை மிகப் பழையது. ஊர்காவற்துறைக்கு ஊராத்துறை என்றொரு பழைய பெயர். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்று அரசன் சொல்கிறான். பிறகு உடைந்துபோகும் கப்பல்களுக்கான விதி வருகிறது. அரசனுக்காக யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

இந்தக் கல்வெட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். சிங்கள அரசன் ஒருவன் தன் ஆணையைத் தமிழில் பொறித்தான் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கடலில் நடக்கும் இழப்பை யார் எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஓர் அரசு யோசித்து, கல்லில் எழுதி வைத்திருக்கிறது. கடல்வழியும் அரசின் பொறுப்பு என்ற எண்ணம் இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல.

பின்னர் யானைகள் வேறு திசையில் போயின. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து ஊர்காவற்துறையில் கப்பலேற்றினார்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும். வங்காளத்திலும் கோல்கொண்டாவிலும் அவற்றுக்கு நல்ல விலை. துறையைக் காக்க, ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுக்கடலில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைதான் கடற்கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த நன்னீர்த் தொட்டி குண்டடிபட்டது. காவற்படை தாகம் தாங்காமல் சரணடைந்தது. ஒல்லாந்தர் அதற்கு அம்மன்கீல் என்று பெயரிட்டார்கள். இப்போது கடற்படை அதை விருந்தினர் விடுதியாக நடத்துகிறது. தீவுகளுக்கும் ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடனானது, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைநகர் அம்ஸ்ரடாம். அனலைதீவுக்கு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டுமே இன்றுவரை அரச கடிதங்களில் தாராளமாகப் புழங்குகிறது. அனலைதீவாரில் எவரும் தம் ஊரை ரொட்டர்டாம் என்று சொன்னதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில்தான் வீதி என்பது அரசாங்கக் காரியமானது. 1848இன் வீதிக் கட்டளைச் சட்டப்படி, 18 வயதிலிருந்து 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஈடாகப் பணம் கட்ட வேண்டும். அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம். இலங்கையின் கிராம வீதிகள் பலவற்றுக்கு அடியில் இப்படிப்பட்ட கட்டாய உழைப்பு புதைந்து கிடக்கிறது.

தீவுகளை நிலத்தோடு இணைக்க வேண்டும் என்ற குரல் இருபதாம் நூற்றாண்டில் ஓங்கியது. வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி ஊர்காவற்துறைத் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் இருந்தார். 1936 முதல் 1947 வரை அச்சபையின் சபாநாயகரும் அவரே. தீவாருக்குக் கொழும்பில் அப்படியொரு குரல் இருந்த காலம் அது. வேலணையையும் புங்குடுதீவின் மடத்துவெளியையும் இணைக்கும் கடல்வீதிக்கு வாணர் தாம்போதி என்று பெயர். அதற்காகப் பாடுபட்ட அம்பலவாணர் சகோதரர்களை, பெரியவாணர், சின்னவாணர் என்று புங்குடுதீவார் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஒரு வீதிக்கு மந்திரியின் பெயரை வைப்பது எளிது. உழைத்தவரின் பெயர் மக்கள் வாயில் தானாக நிலைப்பது அரிது.

பண்ணையைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தொட்டு, அல்லைப்பிட்டியில் வீதி வேலணைத் தீவின் நிலத்தில் ஏறுகிறது. அடுத்தது மண்கும்பான். ஊரின் பெயருக்கேற்ப மணல். இந்த மணலை மதிக்கத் தெரிந்தவர்களே தீவில் வாழ முடியும். மழை நீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும். அளவோடு அள்ளினால் நன்னீர். ஆசையோடு இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலேறிவிடும். மணலை லொறியில் அள்ளிப் போய்விட்டாலோ நீரைத் தாங்க இடமே இல்லை. சாட்டிக் கிணறுகளின் நீர்தான் சுற்றியுள்ள ஊர்களுக்கு நீண்ட காலமாக வாழ்வு கொடுத்தது. சாட்டிக் கடற்கரையில் சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. கடலில் போகிறவர்களின் தாய். குளிக்கவும் கும்பிடவும் நகரத்தார் ஞாயிறுகளில் இங்கே வருவார்கள்.

வேலணையில் வழி இரண்டாகிறது. ஒரு கிளை வாணர் தாம்போதி ஏறி, புங்குடுதீவைக் குறுக்கறுத்து, குறிகட்டுவான் துறைக்குப் போகிறது. 776ஆம் இலக்க பஸ் ஓடுவது அந்த வழி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்களின் வழி அது. நாகபூசணி அம்மனைக் காணத் தமிழரும், நாகதீப விகாரையைக் காணத் தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகரும் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் புறப்படுகிறவர்களும் குறிகட்டுவானில்தான் கூடுவார்கள். கூட்டம் உள்ள வழிக்குக் கவனமும் கிடைக்கும்.

நம்முடைய ஏ.பி. 19 மற்றக் கிளை. சரவணை, நாரந்தனை, கரம்பொன் என்று அமைதியான ஊர்களினூடாகப் போகிறது. பூட்டிய வீடுகள் பல. கல்வீடு, முன்னால் தூண் வைத்த விறாந்தை, முற்றத்தில் ஆளுயரப் புல். உடையவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ லண்டனிலோ இருப்பார். கோயில் திருவிழாவுக்கு மட்டும் சில வீடுகள் திறக்கும். கரம்பொன்னில் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி. தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் வாசலுக்குக் கொண்டுபோனவர், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமானவர். அவர் உலகைச் சுற்றிய பயணங்களுக்கெல்லாம் முதலடி இந்தத் தீவின் மண்ணில் வைத்தது என்பதில் தீவார் பெருமைப்படுகிறார்கள், படவும் வேண்டும்.

இந்த வீதியின் மீது போர் நடந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிட என்னால் முடியாது.

1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அரச அலுவலர்களும் மாணவரும் நோயாளரும் அன்றாடம் ஏறிய படகு அது. அடுத்த ஆண்டு 1986 ஜூன் 10இல், மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். தீவுகளுக்குப் போகும் கடல் பொதுவழி என்ற நம்பிக்கை அந்த இரண்டு நாட்களில் உடைந்தது.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டையை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டார்கள். இராணுவம் ஆகஸ்டில் தீவுகளில் இறங்கியது. மண்டைதீவைத் தளமாக்கிச் செப்டெம்பரில் பரவைக்கடலைக் கடந்து கோட்டைக்குள் நுழைந்தது. அதே மாதம் 26ஆம் திகதி கோட்டையை விட்டு வெளியேறியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் அந்த நாட்களில் கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. பிறகு பண்ணை வழி அடைபட்டது. ஒரு கரையில் புலிகள், மறுகரையில் இராணுவம். நடுவில் யாரும் நடக்காத வீதி. 1991 ஒக்டோபரில் தீவுகள் மீது மீண்டும் படை நடவடிக்கை வந்தபோது பல்லாயிரம் பேர் ஊர்களை விட்டுப் போனார்கள். அன்று போனவர்களில் பலர் பின்னர் வரவே இல்லை. எஞ்சியவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலிருந்த யாழ்ப்பாணம் வேறு நாடுபோல் ஆனது. போதனா வைத்தியசாலை அங்கே, பிள்ளையைப் பெற வேண்டியவள் இங்கே.

1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி, வீதியிலிருந்து விலகியிருக்கும் அராலித்துறையில் கண்ணிவெடியில் சிக்கி மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் பிரிகேடியர் விஜய விமலரத்னவும் வேறு உயரதிகாரிகளும் இறந்தார்கள். ஒருகாலத்தில் வள்ளம் கட்டிய துறை, தென்னிலங்கைப் பத்திரிகைகளின் தலைப்பில் இப்படித்தான் ஏறியது. 1995 இறுதியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் வழி திறந்தது. திறந்தது என்றால், இறங்கி நட, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, மீண்டும் ஏறு என்ற அளவுக்கு.

2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் குழந்தைகள் உட்பட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் மறுபடியும் சண்டை. புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சமிருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்தன. பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள் காயப்பட்டவர்களைக் காப்பாற்ற அலைந்தார். மக்களை ஊர்காவற்துறைக்கு அழைத்துப் போனார். ஆகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டியில் கடற்படைச் சோதனைச்சாவடியைக் கடந்து போன அவரும், உடன் போனவரும் காணாமல் போனார்கள். இன்றுவரை பதில் இல்லை. காப்பெற் போட்ட வீதியில் வழுக்கிக்கொண்டு போகிறவர்கள் அல்லைப்பிட்டியில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து இதை நினைக்கலாம்.

போருக்குப் பின் பண்ணை வழி அகலமானது, கறுப்பாக மினுங்குகிறது. மாலையில் நகரத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து காற்று வாங்குகிறார்கள். பருவத்தில் பூநாரைகள் இறங்குகின்றன. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். சதுப்பும் கண்டலும் நீரோட்டமும் சேர்ந்த இடத்தில் அவ்வளவு பெரிய கட்டுமானம் எப்படி அமைய வேண்டும் என்பது மீனவரையும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டிய காரியம். வீதி வந்தால் பின்னால் எல்லாமே வரும். என்ன வரலாம் என்று ஊர் சொல்ல வேண்டும்.

இனி ஊர்காவற்துறை. துறையில் நின்று வடக்கே பார்த்தால் கடற்கோட்டையும் அதற்கப்பால் காரைநகரும். இந்தக் குறுகிய கடலைக் கடக்க வீதி அபிவிருத்தி அதிகார சபையே ஒரு மிதவையை ஓட்டுகிறது. ஊரார் அதைப் பாதை என்பார்கள். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஆட்களும் ஏறிக்கொள்ள, அது அக்கரை சேரும். அங்கிருந்து பொன்னாலை வழியாக மறுபடி யாழ்ப்பாணம் போய்விடலாம். ஆக, கடல் குறுக்கிட்டால் அதையும் வீதியின் ஒரு துண்டாகக் கருதி, வீதித் திணைக்களமே பொறுப்பேற்று நடத்தும் வழக்கம் இங்கே கண்முன்னால் இருக்கிறது. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையிலும் பாதை உண்டு.

மேற்கே திரும்பினால் எழுவைதீவும் அனலைதீவும். படகில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வழி. அங்கேதான் அந்த வழக்கம் நின்றுவிடுகிறது. தனியார் படகுகள் ஓடுகின்றன. எழுவைதீவையும் அனலைதீவையும் இணைக்க எழுதாரகை என்றொரு பயணிகள் படகும் வந்தது, அது பழுதாகிக் கிடந்த காலம் நீண்டது. மாரியில் வாடை, பிறகு சோளகம் என்று இரு பருவத்திலும் கடல் கொந்தளிக்கும். ஊர்காவற்துறைக்கு பஸ் பிந்தினால் ஒவ்வொருவர் வாயிலும் ஒரே கேள்வி: “கடைசி போட் வெளிக்கிட்டுதோ?” வெளிக்கிட்டிருந்தால் அன்றிரவு உறவினர் வீட்டுத் திண்ணைதான்.

அனலைதீவு ஏறத்தாழ 5 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. வடக்கு ஜே/37, தெற்கு ஜே/38 என்று இரண்டு கிராம அலுவலர் பிரிவுகள். நல்ல மண், நல்ல கிணறு. புகையிலை, வெங்காயம், பனை, கடல். ஐயனார் கோயில் திருவிழாவுக்குப் புலம்பெயர்ந்தோர் கூட்டமாக வருவார்கள். ஒட்டினாற்போல் கிடக்கும் புளியந்தீவில் நாகேசுவரன் கோயில். சதாசிவ மகா வித்தியாலயத்துக்கு வெளியூர் ஆசிரியர்கள் படகேறித்தான் வருகிறார்கள். கடல் மோசமான நாளில் பாடம் குறையும். வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு சீமெந்துப் பையையும் லொறியிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து படகுக்கு, படகிலிருந்து மறுபடி தோளுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூலி உண்டு. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவருக்கும் அதே செலவு. நோயாளியின் பாடு எல்லாவற்றிலும் கடினம். தீவில் வைத்தியசாலை இருக்கிறது. மேலதிக சிகிச்சை என்றால் படகு தேடி, ஊர்காவற்துறையில் ஏற்றி, பிறகு ஏ.பி. 19 முழுவதையும் கடந்து யாழ்ப்பாணம். தரை வழி எவ்வளவு மினுங்கினாலும், நேரம் முழுவதையும் கடல் தின்றுவிட்டால் என்ன பயன்?

சின்னத் தீவு என்பதால் உலகம் இதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியனாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்தது. 2021 ஜனவரியில் அது சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் சீனர் வருவதா என்று இந்தியா எதிர்த்தது. ஆண்டு முடிவில் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை. 2024 மார்ச் 1இல் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம், 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடை. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்று. பெய்ஜிங்கும் டெல்லியும் கொழும்பும் மூன்று ஆண்டு பேசிய இந்த மின்சாரத்துக்கான தகடுகளும் தூண்களும் அனலைதீவை அடைய வேண்டுமானால், சீமெந்துப் பையைப் போலவே கடலைக் கடந்துதான் போக வேண்டும். மின்சாரத்துக்கு வல்லரசுகள் போட்டியிட்ட தீவுக்கு, காலையும் மாலையும் நம்பி ஏறக்கூடிய ஒரு படகை ஒழுங்கு செய்வது எந்த வல்லரசின் உதவியும் வேண்டாத காரியம்.

தீவுக்குப் பாலம் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பரவைக்கடலில் எழுப்பும் ஒவ்வொரு தாம்போதியும் நீரோட்டத்திடம் கடன் வாங்கியே எழுகிறது. அனலைதீவுக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையிலுள்ள கடல் பண்ணையைவிட ஆழமானது, அலை கூடியது. கேட்பது இவ்வளவுதான். ஊர்காவற்துறை – அனலைதீவு – எழுவைதீவுக் கடல்வழியை ஏ.பி. 19இன் தொடர்ச்சியாக ஏற்று, வீதிக்குப் போல ஆண்டுதோறும் பராமரிப்பு ஒதுக்கீடு வையுங்கள். காரைநகர்ப் பாதையைப் பொறுப்பேற்றது போல இதையும் பொறுப்பேற்று, எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் ஒரு படகும், அது பழுதானால் ஓட இன்னொன்றும் நிறுத்துங்கள். பஸ்ஸின் நேரமும் படகின் நேரமும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். இரவில் நோயாளியை ஏற்ற ஒரு படகு எப்போதும் எரிபொருளோடு துறையில் நிற்கட்டும். ஊர்காவற்துறைப் பிரதேச சபையிலும் பாராளுமன்றத்திலும் தீவாரின் வாக்கை வாங்கிப் போய் இருப்பவர்கள் இதை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே எழுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அனலைதீவாரும், கோயில் திருப்பணிக்குச் சேர்வது போல இந்தக் கோரிக்கைக்கும் ஒன்றுசேர்ந்து கையொப்பமிட வேண்டும்.